என் பேர்?

மொரீஷியஸுக்கு வந்து இறங்கி நாலாவது நாள் காலை. திருப்பூரில் பதினோரு வருஷம் பனியன் கம்பெனிகளில் செக்கிங், அப்புறம் க்யூசி என்கிற தரம் பார்க்கும் வேலை என்று இருந்துவிட்டு, 2022-இல் இங்கே ஒரு பின்னலாடைத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் கண்ணாடிப் பெட்டி கட்டி ஒரு பெரியவர் தால் பூரி விற்பார், பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி. நல்ல பசி. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்து, "என் பேர்?" என்றார்.

"செந்தில்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. இரண்டு பூரியைத் தூக்கிக் காட்டி மறுபடியும் "என் பேர்?" என்றார். நானும் நெஞ்சில் கை வைத்து மறுபடியும் "செந்தில்" என்றேன். பின்னால் நின்ற மலகாசிப் பெண்கள், மடகாஸ்கரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், சிரித்தார்கள். இங்கே எல்லாரும் பேசுகிற கிரியோல் மொழியில் 'என்' என்றால் ஒன்று, 'பேர்' என்றால் ஜோடி. தால் பூரியை இங்கே ஜோடியாகத்தான் வாங்குவார்கள், ஒரு ஜோடி போதுமா என்று கேட்டிருக்கிறார். இது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. ஆனால் மறுநாளே அவர் என்னைத் தூரத்தில் பார்த்ததும் "சென்தில்! என் பேர்?" என்று கூப்பிட்டார். தொழிற்சாலையில் நான் நாலு இலக்க டோக்கன் நம்பர். தங்குமிடத்தில் 'அந்த இந்தியன்'. இந்தத் தீவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அவிநாசிப் பக்கமிருந்து மூன்று பையன்கள் அடுத்த வாரம் இங்கே வேலைக்கு வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் தினமும் கேள்வி: குக்கர் கொண்டு வரலாமா, ஊறுகாயை ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்களா, சிம் எங்கே வாங்குவது. எல்லாவற்றுக்கும் பதில் போட்டுவிட்டேன். அவர்கள் கேட்காமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது, முதல் வருஷம் என்னைப் படுக்கப் போட்டது அதுதான், அதை மெசேஜில் சொல்ல முடியவில்லை.

முதல் ஆறு மாதம் நான் யாரிடமும் பேசவில்லை. வேலை விஷயமாக "திஸ் பீஸ் ரிஜெக்ட்", "ஓகே", "நோ ஓகே" என்று நாலு ஆங்கில வார்த்தை. அதோடு சரி. ரூமுக்கு வந்தால் போன். தமிழ்நாட்டு நேரத்துக்கும் இங்கே உள்ள நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் நான் ஷிப்ட் முடித்து வரும்போது அங்கே விளக்கு வைத்து முடிந்திருக்கும். அம்மா கேட்கிற முதல் கேள்வி "சாப்பிட்டியா கண்ணு?" சாப்பிட்டேன்மா. "வேலை எப்படி இருக்குது?" நல்லா இருக்குதும்மா. "ஆளுங்க எல்லாம்?" நல்ல ஆளுங்கம்மா. ரூமிலேயே கொஞ்சம் வெள்ளையாக இருந்த சுவரின் பக்கம் உட்கார்ந்துதான் வீடியோ கால் போடுவேன். இரண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும், ஏனென்றால் பொய்க்கு மேலே பேச என்ன இருக்கிறது? போனை வைத்த பிறகு நடுராத்திரி வரை தமிழ் வீடியோவாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். காது நிறையத் தமிழ் கேட்கும், வாயிலிருந்து ஒரு சொல் வந்திருக்காது. தூக்கம் கெட்டது, இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றால் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் பாக்கி.

ஊரோடு பேசினால் தைரியம் வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் வரும். "நல்லா இருக்கேன்" என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தால், வீட்டில் இருப்பவர்களால் நமக்கு ஒரு உதவியும் செய்ய முடியாமல் போகிறது, ஆறுதல் சொல்லக்கூட அவர்களுக்கு இடம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுச் சுருண்டு கிடந்தேன், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் பங்களாதேஷ்காரர் ஒருவர், சில்ஹெட் பக்கம், வயது நாற்பதுக்கு மேல். எல்லாருக்கும் அவர் 'பாய்'. இரண்டாம் நாள் ராத்திரி என் நெற்றியில் கை வைத்து "லாதேத் ஃபெர்மால்?" என்றார். தன் தலையையே பிடித்துக் காட்டினார். தலை வலிக்கிறதா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். போய் அரிசியைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து கொண்டுவந்தார். எங்கள் ஊர்க் கஞ்சிதான். எனக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் இரண்டு பேருமே நாலு வார்த்தைக்காரர்கள். ஆனால் அவர் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, கிரியோல் தண்ணீராய்ப் பேசுவார். மொரீஷியஸின் மொழியை நான் ஒரு வங்காளியிடம் கற்றுக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைந்துபோகிறது.

கிரியோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பையன்கள் பயப்படாமல் இருப்பதற்காகவாவது. பிரெஞ்சுக்காரர்கள் 1810 வரை இந்தத் தீவை ஆண்டார்கள், அப்போது மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் வாயில் உருவான மொழி இது. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத மனிதர்கள், முதலாளியின் பிரெஞ்சை எடுத்து உடைத்து, தங்கள் வசதிக்குத் திருப்பிக் கட்டிக்கொண்டது. அதனால் காலத்துக்கோ ஆளுக்கோ தகுந்தபடி வினைச்சொல் மாறாது. 'மான்ஸே' என்றால் சாப்பிடு. மோ பே மான்ஸே, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மோ தி மான்ஸே, சாப்பிட்டேன். மோ பு மான்ஸே, சாப்பிடுவேன். ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் விகுதி இல்லை. 'ஏனா' என்றால் இருக்கிறது, 'பேனா' என்றால் இல்லை. பத்தே நாளில் ஒரு மனிதனை வாய் திறக்க வைக்கிற மொழி. நம் ஆட்களுக்கு உடனே பிடிபடுகிற ஒன்றும் இதில் உண்டு. நீ என்பதற்கு 'தோ', நீங்கள் என்பதற்கு 'ஊ'. நான் லைனில் எல்லாரும் பேசுவதைக் கேட்டு 'தோ'வை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தேன், தால் பூரிப் பெரியவரிடமும் 'தோ' போட்டுப் பேசியிருக்கிறேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தெரிய வந்த அன்றைக்கே போய் 'ஊ' போட்டுப் பேசினேன், தோளில் தட்டிக் கொடுத்தார்.

பாய் சொல்லிக் கொடுத்த முதல் வாக்கியம் "மோ பா கொம்ப்ரான்." எனக்குப் புரியவில்லை. இரண்டாவது "கோஸ் தூஸ்மா", மெதுவாகப் பேசுங்கள். இந்த இரண்டையும் பையன்கள் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிட வேண்டும். திருப்பூரில் மேஸ்திரி முன்னால் "புரியலைங்க" என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று பழகியவன் நான். இங்கே வந்தும் யார் என்ன சொன்னாலும் தலையாட்டினேன். ஒரு தடவை ஆபீஸில் ஓவர்டைம் கணக்கைப் பற்றி ஏதோ விளக்கினார்கள், தலையாட்டினேன், கையெழுத்தும் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் சம்பளச் சீட்டில் மணி குறைகிறது. யாரைக் குற்றம் சொல்வது என்பதை விட, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் நின்ற நிலைமைதான் என்னை அதிகம் சுட்டது. பாய் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். தினமும் எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே என்று எழுதி வைத்தேன். அடுத்த மாதம் அந்த நோட்டோடு இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம். என் கிரியோல் உடைந்த பானை மாதிரி இருந்தது. இருந்தாலும் தேதி தேதியாகக் காட்டினேன், புரியாத இடத்தில் "மோ பா கொம்ப்ரான்" சொன்னேன், சொல்லச் சொல்ல அவர்களும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த சீட்டில் விட்டுப்போன மணி ஏறி வந்தது. இங்கே தொழிலாளர் அமைச்சகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். போக வேண்டி வரவில்லை. ஆனால் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தவுடன் பேசும்போது குரல் நடுங்குவது நின்றது.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போக ஆரம்பித்தேன். தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு பஸ் நிலையத்தின் பெயரே இமிக்ரேஷன் ஸ்கொயர். அதன் பக்கத்தில்தான் ஆப்ரவாசி காட், கூலி ஆட்கள் வந்து இறங்கிய படித்துறை. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' கப்பலில் இந்தியாவிலிருந்து முதல் கூலி ஒப்பந்த ஆட்கள் இந்தத் துறைமுகத்துக்கு வந்தார்கள். அதிலிருந்து 1900-களின் தொடக்கம் வரை சுமார் நாலரை லட்சம் பேர். 2006 முதல் அந்தப் படித்துறை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். கடலிலிருந்து மேலே வருகிற பதினாறு கருங்கல் படிகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் படியருகே ரொம்ப நேரம் நின்றேன். ஏறி வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். அந்தப் பதிவேடுகள் இன்றைக்கும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, தாத்தாவின் தாத்தா எந்த ஊர் என்று தேடி வருபவர்கள் அந்த நம்பரை வைத்துத்தான் தேடுகிறார்கள். என் சட்டைப் பையில் டோக்கன் கார்டு இருந்தது, எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டேன்.

அவர்களிடம் போன் கிடையாது. வீட்டுக்குச் சேதி போக வேண்டும் என்றால் எழுதத் தெரிந்தவனைப் பிடித்துக் கடிதம் எழுத வேண்டும், கப்பல் போக வேண்டும், அங்கே படிக்கத் தெரிந்தவர் கிடைக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு அப்பன் ஆத்தாள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமலே காலம் போயிருக்கும். ஆனால் அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. 1867-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பழைய ஆட்களும் போட்டோ ஒட்டிய பாஸ் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் சுற்றுகிறாய் என்று பிடித்து அடைத்துவிடுவார்கள். 1871-இல் அதை எதிர்த்து ஒரு மனு எழுதப்பட்டது. எழுதியவர் தெ ப்ளேவிட்ஸ் என்கிற, தோட்டம் நடத்திய வெள்ளைக்காரர். பெயர் கொடுத்தவர்கள் 9,401 பேர். அப்போது தீவு பிரிட்டிஷ்காரர்கள் கையில், அடுத்த வருஷம் லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷனே வந்தது. தோட்டம் தோட்டமாக, ஒருவர் இன்னொருவரிடம் போய், என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துச் சொல்லி, பயத்தைப் போக்கி, சரி சொல்ல வைத்திருந்தால்தானே 9,401 பெயர் சேரும்? அந்தப் பேச்சு எல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனக்கு மனுவை விட அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அவர்கள் பேசிய பேச்சு வேறொரு இடத்தில் அப்படியே இருக்கிறது. மார்க்கெட்டில். ரோஸ் ஹில் மார்க்கெட்டில் கீரைக்காரம்மாவிடம் முதன்முதலாக நின்றபோது, என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் முருங்கைக்கீரையைக் கையால் காட்டினேன். அவர் "ப்ரேத் முரும்" என்றார். முரும்! முருங்கையேதான். கொத்தமல்லிக்கு 'கொத்தோமிலி'. கறிவேப்பிலைக்கு 'காரிபூலே'. பீர்க்கங்காய் 'பிபெங்காய்'. ரசம் 'ரசோன்'. அந்தக் கீரைக்காரம்மா ஆப்பிரிக்க வம்சம், தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது, ஆனால் நம் அம்முச்சிகளின் சமையல்கட்டுச் சொற்களை எடைபோட்டு விற்றுக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் சீனர், முஸ்லிம், கிரியோல் என்று சொல்லப்படுகிற ஆப்பிரிக்க வம்சத்தார், எல்லாரும் ஒரே குரலில் "ஐயோ!" என்கிறார்கள். பஸ் போர்டில் 'கொரோமண்டேல்' என்று ஒரு ஊர்ப் பெயர், நம் சோழமண்டலம். எங்கிருந்தோ வந்த மனிதர்கள் இந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டதோடு, அதற்குள் தங்கள் சொல்லையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கற்றுக்கொள்வது என்றால் பணிந்து போவது என்று அதுவரை நினைத்திருந்தேன், கீரைக் கட்டைக் கையில் வாங்கியபோது அந்த எண்ணம் போய்விட்டது.

இங்கே உள்ள தமிழர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. இதைப் பார்த்து நம் ஆட்கள் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆறேழு தலைமுறையாகத் தைப்பூசக் காவடியை விடாமல் எடுக்கிறார்கள், அது இங்கே அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-இல் புதிய நோட்டில் தமிழைக் கடைசிக்குத் தள்ளியபோது அவர்கள் எழுந்து நின்ற வேகத்தில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டி வந்தது. பேச வராத மொழிக்காக அப்படி நின்றவர்களிடம் போய் நாம் உதட்டைப் பிதுக்குவதா?

இப்போது நான் வாடகைக்கு இருக்கும் அறையின் சொந்தக்காரம்மாவும் தமிழ் வம்சம்தான், வயது எழுபதைத் தாண்டியவர். ஊர் வழக்கப்படி நான் 'தாந்தின்', அதாவது அத்தை, என்பேன், அவர் 'மோ கார்சோன்' என்பார், என் பையா என்று அர்த்தம். 'ஊ'வும் 'தோ'வும் எங்கே எது என்று சொல்லிக் கொடுத்தவர் அவரே. ஒருநாள் பேச்சுவாக்கில் நான் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என் பாட்டி இப்படித்தான் கூப்பிடுவாள் அவள் அம்மாவை" என்று கிரியோலில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து சமைக்கும்போது ஒவ்வொரு சாமானையும் காட்டித் தமிழ்ப் பெயர் கேட்பார். நான் சொல்வேன். அவர் கிரியோல் பெயர் சொல்வார். பாதி இரண்டும் ஒன்றாக இருக்கும்.

2024 பொங்கல் அன்றைக்குப் பெலால் புயல் வந்தது. ஜனவரி 15, திங்கட்கிழமை. இங்கே புயல் எச்சரிக்கை வகுப்பு வகுப்பாக வரும், ஒன்றிலிருந்து நாலு வரை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசத் தொடங்கினால் நாலாம் வகுப்பு, யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. ரேடியோவில் அறிவிப்பு பெரும்பாலும் பிரெஞ்சிலும் கிரியோலிலும்தான். நான் அப்போது இன்னும் தங்குமிடத்தில் இருந்தேன். அன்றைக்குப் பகலில் போர்ட் லூயிஸில் வெள்ளம் புகுந்து கார்களை இழுத்துக்கொண்டு போனது. வீடியோக்கள் போனுக்குப் போனாகப் பறந்தன, கூடவே வதந்திகளும். அணை உடைந்துவிட்டது என்று ஒன்று, ஏர்போர்ட் மூழ்கிவிட்டது என்று ஒன்று. புதிதாக வந்த பையன்கள் சிலர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். பாயும் நானும் ரேடியோவை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். அவர் வங்காளத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன், மலகாசிப் பெண்களின் கட்டிடத்துக்கு ஒருவர் போனில் சொன்னார். என்ன வகுப்பு, அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு, தண்ணீர் பிடித்து வை, போனை சார்ஜ் போடு, ஜன்னல் பக்கம் படுக்காதே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலைக்கூட யாரிடமும் சொல்லாமல் கிடந்தவன் நான். அன்று ராத்திரி காற்று ஊளையிட்டபோது இருபது பேருக்கு என்ன நடக்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. கரண்ட் போன பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கையில் இருந்த அரிசியையும் வெல்லத்தையும் போட்டுக் கேஸ் அடுப்பில் பொங்கல் வைத்தோம். நெய் இல்லை. எல்லாரும் சாப்பிட்டோம்.

அம்மாவிடம் அன்றைக்கு உண்மையைச் சொன்னேன். "பயமா இருக்குதும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், நான் பிறக்கும் முன்னால் நொய்யலில் வெள்ளம் வந்தபோது மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓடிய கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. முக்கால் மணி நேரம் பேசினோம். அதற்கப்புறம் எங்கள் போன் இரண்டு நிமிஷத்தில் முடிந்ததே கிடையாது. சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்கிறேன். அவளும் மூட்டு வலி இருந்தால் இருக்கிறது என்கிறாள், முன்பெல்லாம் அவளும் என்னிடம் மறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பையன்களில் ஒருத்தன் நேற்று ராத்திரி மெசேஜ் போட்டிருந்தான்: "அண்ணா, அங்க தமிழ் பேசறதுக்கு ஆள் இருக்குங்களா?" நான் இருக்கிறேன் என்று போட்டேன். பாய் போன வருஷம் ஒப்பந்தம் முடிந்து சில்ஹெட்டுக்குப் போய்விட்டார், இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் குரல் மெசேஜ் அனுப்புவார், கிரியோலில்தான், எங்களுக்கு வேறு மொழி கிடையாதே. அவர் படுத்திருந்த கட்டில் இந்தப் பையன்களில் ஒருத்தனுக்குத்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். புதன்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் மூன்று பேரையும் தால் பூரிக்காரரிடம் கூட்டிக்கொண்டு போவேன். அவர் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப் போவதில்லை.